சம்ப் அலாரம்: ரெண்டு மாசத்துல செம்புக் கம்பி கரைஞ்சு போகுது

தண்டையார்பேட்டை_தாமிரம்:
சம்ப் நிரம்பினா பஸ்ஸர் அடிக்கிற சர்க்யூட். 9 வோல்ட் பேட்டரி, ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், தண்ணிக்குள்ள ரெண்டு செம்புக் கம்பி. ஒரு கம்பி பிளஸ், இன்னொண்ணு 10கே (10,000 ஓம்) ரெசிஸ்டர் வழியா டிரான்சிஸ்டரோட பேஸ் காலுக்கு. பிளஸ் கம்பி மட்டும் பச்சை பூத்து அறுந்துடுது. தண்ணி இறங்கின பிறகும் பஸ்ஸர் முனகுது. மெட்ரோ வாட்டரோட போர் தண்ணியும் கலக்குறோம், நல்ல உப்பு. கம்பியைத் தடிமனாக்கினா போதுமா?

வியாசர்பாடி555:
ரெண்டு மாசம் நாலு மாசமாகும், அவ்ளோதான். டிசி ஒரே பக்கமா ஓடுறதால பிளஸ் கம்பிச் செம்பு தண்ணியில கரையுது. உப்பு இருந்தா கரண்ட் கூடும், இன்னும் வேகமா கரையும். அந்தப் பச்சை செம்பு உப்பு. குடிக்கிற தண்ணின்னா இன்னைக்கே கழட்டுங்க.

முனகலுக்குக் காரணம் ஈரப்படலம். 9 வோல்ட்டுக்கு நடுவுல 1 மெக் ஓம் ஈரம் இருந்தாலே பேஸுக்கு 8 மைக்ரோஆம்ப் போகும். டிரான்சிஸ்டர் கரண்டைப் பெருக்குற கெயின் 250ன்னா பஸ்ஸருக்கு 2 மில்லிஆம்ப். முனகாம என்ன செய்யும்?

கம்பிக்கு ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுற கரண்ட் கொடுங்க. சிமாஸ் 555 (கரண்ட் கம்மியா குடிக்கிற டைமர் ஐசி)ல 4, 8வது பின் பிளஸ், 1வது மைனஸ். 2ஐயும் 6ஐயும் சேர்த்து, அங்கிருந்து மைனஸுக்கு 103 (0.01 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர், 3வது பின்னுக்கு 68கே ரெசிஸ்டர். 5லிருந்து மைனஸுக்கு இன்னொரு 103. 7 சும்மா இருக்கட்டும். சுமார் 1 கிலோஹெர்ட்ஸ் வரும். 3வது பின்னிலிருந்து 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர் வழியா முதல் கம்பி. இந்த 104தான் உயிர், டிசியைத் தடுக்கிறது இதுதான்.

ரெண்டாவது கம்பி வர்ற இடத்துல ரெண்டு 1என்4148 டையோடு (ஒரு பக்கமா மட்டும் கரண்ட் விடும், ஒரு முனையில கோடு இருக்கும்). ஒண்ணு மைனஸிலிருந்து, கோடு கம்பி பக்கம். இன்னொண்ணு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோட பிளஸ் காலுக்கு, கோடு கெப்பாசிட்டர் பக்கம். அதோட மைனஸ் கால் மைனஸுக்கு. அந்தப் பிளஸ் காலிலிருந்து 10கே வழியா பேஸ். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல 22கே. அப்பவும் முனகினா இந்த 22கேயை 10கே ஆக்குங்க.

தண்டையார்பேட்டை_தாமிரம்:
கையில என்இ555 (சிமாஸ் இல்லாத சாதாரண 555) இருக்கு. பழைய மொபைல் சார்ஜர்ல ஓட்டலாமா?

வியாசர்பாடி555:
வேணாம். மலிவு சார்ஜர்ல இன்சுலேஷன் போனா 230 வோல்ட் நேரா சம்ப் தண்ணிக்கு வரும். மூணு பென்சில் செல் போதும். ஆனா என்இ555 சும்மாவே சில மில்லிஆம்ப் குடிக்கும், செல் சில வாரத்துல காலி. சிமாஸ் வகையான ஐசிஎம்7555 இல்லன்னா டிஎல்சி555 வாங்குங்க. ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடையில '555' மட்டும் கேட்டா என்இதான் கொடுப்பாங்க, மேல அச்சைப் படிச்சுட்டுக் காசு கொடுங்க.

சோல்டர்மணி:
கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் சைக்கிள் ஸ்போக். அதுல சாதாரண ஈயம் ஒட்டாது. ஸ்போக் முனையில திருகுற பித்தளை நிப்பிள்ல ஒட்டும். ஒயரை அதுல சோல்டர் பண்ணிட்டு ஸ்போக்கைத் திருகுங்க. நிப்பிள் தண்ணிக்கு மேலயே இருக்கணும். காந்தம் கெட்டியாப் பிடிச்சா அது முலாம் பூசின இரும்பு. ரெண்டு ஸ்போக்கும் 5 செ.மீ. தள்ளி, ஒரே மரக்கட்டையில வேணாம், கட்டை ஊறினா அதுவே கடத்தும்.

காசிமேடு_கரண்ட்:
இவ்ளோ உப்புக்கு என் ஓட்டு ரீட் ஸ்விட்ச்சுக்கு (காந்தம் கிட்ட வந்தா ஆன் ஆகுற சின்னக் கண்ணாடி ஸ்விட்ச்). மூடின பிவிசி குழாய்க்குள்ள ஸ்விட்ச், வெளியே வளைய மிதவையில காந்தம். தண்ணியில கரண்டே இல்ல, ஐசியும் வேணாம். ஸ்விட்சோட கம்பிக் காலை வளைக்கும்போது மட்டும் கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவுல குறட்டால பிடிச்சுக்கோங்க, இல்லன்னா கண்ணாடி விரியும்.

எதைக் கட்டினாலும் சோல்டர் பண்ண பிறகு மிஞ்சுற ஃபிளக்ஸை (சோல்டர் பசை) ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) வச்சுத் துடைச்சு, காய்ஞ்சதும் வார்னிஷ் அடிங்க. துடைக்காம அடிச்சா உள்ளயே பச்சை பிடிக்கும், நம்ம கடல் காத்துக்கு ரொம்ப நாள் தாங்காது.