பிளித் நாணல் கதிர்க்குருவியா, வயல் கதிர்க்குருவியா? உதவி தேவை

வணக்கம். இணைத்துள்ள படங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். புருவக்கோடு (கண்ணுக்கு மேல் ஓடும் வெளிர் கோடு) அலகிலிருந்து கண்வரை தெளிவாக இருக்கிறது, கண்ணைத் தாண்டியதும் மங்கிவிடுகிறது. முதுகு முழுக்க ஒரே மங்கல் பழுப்பு. இதெல்லாம் பிளித் என்றுதான் சொல்கிறது. வயல் கதிர்க்குருவிக்குக் கோடு கண்ணுக்குப் பின்னும் நீளும், அதன் மேல்விளிம்பில் கருமை ஓடும், அலகும் குட்டை.

குழப்பமே அலகில்தான். இரண்டாவது படத்தில் கீழ் அலகின் நுனி பளிச்சென்று கறுத்திருக்கிறது. அது வயல் கதிர்க்குருவியின் அடையாளம். நிழலாக இருக்குமோ? உச்சி வெயில் படம், நிறத்தை நம்ப முடியாது.

இடம் தண்ணீரே இல்லாத வேலிப்புதர். குரல் "டக், டக்" என்று கடினமாக. குளிர்காலத்தில் பிளித் இப்படிப்பட்ட புதர்களில்தான் தங்கும்; மற்றது நாணலைவிட்டு அதிகம் விலகாது.

இன்னொரு உதவி: வலசை கிளம்பும் முன், ஏப்ரல் வாக்கில் பதிவான பிளித் பாட்டு யாரிடமாவது இருக்கிறதா? பின்லாந்து முதல் சைபீரியா வரையிலான இனப்பெருக்கப் பகுதிகளில் இரவிலும் பாடும். பிற பறவைகளின் குரலைக் கலந்து, ஒவ்வொரு துணுக்கையும் நிதானமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லும். தாழ்ந்த செடித்தண்டுகளில் கிண்ணக்கூடு கட்டி, 4 முதல் 6 முட்டையிடும். ஒப்பிட ஒரு நிமிடப் பதிவு போதும். அமுக்காத (அளவைச் சுருக்காத) கோப்பாக அனுப்புங்கள், அமுக்கினால் உச்ச ஒலிகள் சிதைந்துவிடும்.