இலங்கைக்குப் போன பூட்டன்: தகப்பன் பெயர் இல்லாத சீட்டை வைத்து எங்கே தேடுவது?

தக்கலைப் பெயரன்:
எங்கள் பாட்டாவின் தகப்பனார் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இளவயதிலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அட்டன் பக்கத்தில் குடும்பமாகி அங்கேயே இறந்தவர். பாட்டாவின் தகரப்பெட்டியில் அவருடைய ஞானஸ்நானச் சீட்டு கிடைத்தது. தாயின் பெயர் தெளிவாக இருக்கிறது. தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் மையால் இழுத்த ஒரு கோடுதான் இருக்கிறது. பின்புறம் '1072 மகரம்' என்று எழுதியிருக்கிறார்கள். பங்கின், அதாவது கோயில் வட்டாரத்தின், பெயரைக் கறையான் தின்றுவிட்டது. எங்கள் ஊர்ப் பங்கில் 1896-ஆம் ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்தேன், அதில் இல்லை. அந்தத் தாய் மணமாகாதவர் என்பதை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தத் தாய் யார் என்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

பழைய ஏடு:
ஐயா, முதலில் ஆண்டைத் திருத்திக்கொள்ளுங்கள். சீட்டில் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது அன்றைய திருவிதாங்கூரில் வழங்கிய மலையாள ஆண்டுக்கணக்கு; மகரம் அதன் ஒரு மாதம். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்க மாதத்தில் பிறக்கிறது. ஆகையால் ஆங்கில ஆண்டை அறிய, டிசம்பர் வரை 824-உம், ஜனவரி முதல் 825-உம் கூட்ட வேண்டும். 1072 மகரம் என்பது 1897-இன் தொடக்கம். அடுத்தது பெயர். பதிவு லத்தீனில் இருந்தால், வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே பேத்ருஸ் ஆகவும், அருளப்பன் யோவான்னெஸ் ஆகவும், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ் ஆகவும் இருப்பார்கள். உங்கள் ஊர்ப் பங்கு பிற்காலத்தில் பிரிந்ததானால், பழைய ஏடு தாய்ப்பங்கில் இருக்கும்.

பதிவைக் கண்டதும் தகப்பன் பெயர் இல்லையே என்று ஏட்டை மூடிவிடாதீர்கள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். இத்தகைய பிறப்பில் பிள்ளையைத் தாங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தாயின் உறவினர்களே. பிறகு ஓரத்தைப் பாருங்கள். 1908 முதல், ஒருவர் எங்கே மணம் முடித்தாலும் அந்தச் செய்தியை ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து ஏட்டில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இலங்கையில் நடந்த திருமணம் கல்குளத்து ஏட்டின் ஓரத்தில் இருக்க இடமுண்டு.

மலையகப் பெயர்த்தி:
அட்டன் கண்டி மறைமாவட்டத்தில் அடங்கும். அங்குள்ள பங்கு ஏடுகளையும் விசாரியுங்கள். ஓர் எச்சரிக்கை: இலங்கையின் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பெற்றோர் விவாகமானவர்களா என்றொரு கேள்வி இருந்தது. உங்கள் பாட்டாவின் சான்றிதழில் அதற்கு 'இல்லை' என்றிருந்தால் மனம் வருந்த வேண்டாம். தோட்டத்தில் ஊரறியத் தாலி கட்டியும் அரசிடம் பதியாமல் வாழ்ந்தவர்கள் ஏராளம். என் பாட்டியின் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கிறது.

தக்கலைப் பெயரன்:
இருவருக்கும் நன்றி. தாய்ப்பங்கின் பங்குத்தந்தை பொறுமையாக ஏட்டைப் புரட்டிக் காட்டினார். 1897 பெப்ரவரியில் பதிவு இருக்கிறது. ஓரத்தில் அட்டன் என்ற ஊர்ப்பெயரோடு திருமணக் குறிப்பும் இருக்கிறது. ஞானத்தகப்பனாக நின்றவர் தாயின் உடன்பிறந்த அண்ணன். பூட்டன் இலங்கையிலிருந்து எழுதிய ஒரே கடிதத்தை வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துக்கு முன்னால் அவர் போட்டிருக்கும் முதலெழுத்து அந்தத் தாய்மாமனுடைய பெயருக்குரியது. அடுத்த வாரம் அதே பங்கில் அந்தத் தாயின் அடக்கப் பதிவைத் தேடப் போகிறேன்.