எத்னிக் ஸ்டடீஸ் பாடத்துக்காகப் பேச யார் வருகிறீர்கள்?

வணக்கம். கலிபோர்னியாவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரிடம் ஒரு உதவி. 2021-இல் வந்த ஏபி 101 சட்டப்படி, 2029-30-இல் உயர்நிலைப் பள்ளி முடிப்பவர்கள் ஒரு செமஸ்டராவது எத்னிக் ஸ்டடீஸ் (அமெரிக்காவின் சிறுபான்மை இனத்தவரின் வரலாறும் அனுபவங்களும் பற்றிய பாடம்) படித்திருக்க வேண்டும், ஆனால் அரசு பணம் ஒதுக்கினால்தான் அது கட்டாயம் என்று சட்டத்திலேயே இருப்பதைக் காட்டி எங்கள் பள்ளி வாரியம் பாடத்தைக் கைவிடப் பார்க்கிறது. மனசே ஆறவில்லை.

போன மாதம் மகளை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவுக்குக் கூட்டிப்போனேன். 1910 முதல் 1940 வரை, குடியேற வந்தவர்களை அடைத்து வைத்த இடம். சீனர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்களும் இங்க இருந்தாங்களாப்பா?" என்றாள். இருந்தார்கள். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் (நமக்குத் தெரிந்த பகத் சிங் இல்லை, இவர் வேறு) வெள்ளையர் இல்லை என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமை மறுத்ததும் அவளுக்குத் தெரியாது, எட்டாவது வரை எந்தப் புத்தகத்திலும் வரவில்லை.

அடுத்த செவ்வாய் மாலை வாரியக் கூட்டம், ஆளுக்கு 2 நிமிடம் பேசலாம். கூட வருகிறீர்களா? உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொன்னாலே போதும். அப்புறம், உங்கள் ஊர்ப் பள்ளியில் இந்தப் பாடம் ஏற்கெனவே நடந்தால் பாடத்திட்டத்தை அனுப்புங்கள், வாரியத்துக்கு எழுதும் கடிதத்தோடு இணைக்க வேண்டும்.