உப்புக் குறைத்த சம்பல், சொதி, கருவாட்டுக் கறி: அளவுகள் தந்து உதவுங்கள்

வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை சமைக்கிற எல்லோரிடமும் கேட்கிறோம். பிரஷருக்குக் குளிசை எடுக்கும் முதியவர்களுக்காக நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே ஒரு வாரச் சமையல் குறிப்பு தயாரிக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டியை விடக் குறைவு. கருவாடு, மாசி, ஊறுகாய், அப்பளம், சூப் கட்டியில் இருப்பதும் இந்தக் கணக்குக்குள்தான். குழம்பில் குறைத்த உப்பு சம்பலில் திரும்பி வந்துவிடுகிறது. வயது போகப் போக நாக்கில் ருசி மங்குவதால் "உப்புக் காணாது" என்று மேலே தூவுவதும் உண்டு. அதனால் புளிப்பும் மணமும் கூட்டுகிற கைப்பக்குவம்தான் எங்களுக்கு முக்கியமாக வேண்டும்: தேசிக்காய், பழப்புளி, கறிவேப்பிலை, மிளகு, வறுத்த சீரகம்.

கருவாட்டைத் துண்டாக்கி, இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு உப்புப் போடாமல் காய்ச்சுபவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு நேரம் ஊறவைத்தால் சதை கரையாமல் நிற்கிறது? சுறாவுக்கும் நெத்தலிக்கும் நேரம் வேறாகத்தானே இருக்கும்.

முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணிச் சுண்டல்களும் அனுப்புங்கள். கீரையில் உள்ள பொட்டாசியம் பிரஷருக்கு நல்லது. ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கும், லொசார்டன், எனலாப்ரில் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும்.

நான்கு பேருக்கான அளவாக எழுதுங்கள். "கொஞ்சம் உப்பு" என்று விடாமல் எந்தக் கரண்டி, மட்டமா குவியலா, கல்லுப்பா தூளுப்பா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.