ஆட்டம், படம், ஊர்சுற்றல்: வார இறுதியை எப்படிப் பிரிப்பது?

நண்பர்களே, பிள்ளைகள் உள்ளவர்கள் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை எங்கள் அமெச்சூர் அணிக்குக் கால்பந்து ஆட்டம். விதிப்படி 90 நிமிடம், நடுவே 15 நிமிடம் வரை இடைவேளை. ஆனால் உடலைத் தயார்செய்வது, உடை மாற்றுவது, நடுவரின் தீர்ப்பைப் பற்றிய தீராத வாதம் எல்லாம் சேர்ந்து அரை நாளை விழுங்கிவிடுகின்றன. கோடையில் இது உறுத்தவில்லை. இலையுதிர் காலம் வந்ததும் பகல் சுருங்கிக்கொண்டே போகிறது; சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கிளம்பி ஏரிக்கரையை அடைவதற்குள் இருட்டிவிடுகிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றால் கால் ஒத்துழைக்கவில்லை. கடும் ஓட்டத்தால் வரும் தசைவலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்தைத் தொடும். ஆகவே ஞாயிறு படத்துக்கும், சனி மாலை அருகிலேயே ஒரு சிறு நடைக்கும் என்று மாற்றலாமா? இதில் ஒரு சிக்கல்: தியேட்டரில் விளக்கை அணைத்ததும் நான் தூங்கிவிடுகிறேன். குறட்டையும் விடுவதாக மனைவி சொல்கிறாள். அதை நான் ஏற்கவில்லை.

ஆட்டத்தையே விட்டுவிடு என்ற யோசனை மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. 9 வயது மகளும் பந்தோடு வரத் தொடங்கிவிட்டாள். 8 முதல் 12 வயதுவரை சற்றுச் சிறிய 4ஆம் எண் பந்துதான் வழக்கம். அவளோ என்னுடைய 5ஆம் எண் பந்தைத்தான் உதைப்பேன் என்கிறாள். அவளைச் சமாதானப்படுத்தியவர்கள் யாராவது உண்டா? ஆட்டம் முடியும்வரை அவள் தம்பியும் மைதான ஓரம் சலிக்காமல் இருக்க என்ன செய்யலாம்? பதிலில் உங்கள் பிள்ளைகளின் வயதையும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.