கெட்டிலுக்குத் தமிழ் என்ன? வியாழனுக்குள் தேவை

பனிமலர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பென்சில்வேனியாவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் பாடம் எடுக்கிறேன். வரும் சனிக்கிழமை பிள்ளைகளை இங்கே பெர்க்ஸ் மாவட்டத்தில் உள்ள ஹாக் மவுண்டன் மலைக்கு அழைத்துப் போகிறோம். செப்டம்பர் நடுவில் அகன்ற சிறகுப் பருந்துகள் கிட்டாட்டினி மலைமுகட்டை ஒட்டித் தெற்கே போகும். பாறைமேல் உட்கார்ந்து அவற்றை எண்ண வேண்டும். பிள்ளைகள் நிரப்புவதற்கான தாளைத் தமிழில் தயாரித்துவிட்டேன். வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு சொல்லில் நின்றுபோயிற்று. வெயில் ஏறியதும் சூடான காற்று தரையிலிருந்து தூண்போல் மேலெழுகிறது. பருந்துகள் சிறகடிக்காமல் அதற்குள் கூட்டமாகச் சுற்றிச் சுற்றி உயர்கின்றன. இதற்கு இங்கே கெட்டில் என்று பெயர். பிள்ளைகளுக்குத் தேநீர்தான் நினைவுக்கு வருகிறது. கட்டத்தில் அடங்கும்படி ஒரு சின்னச் சொல் கொடுத்து உதவுங்கள்.

புலவர் எழுதியது:

அம்மையீர், தமிழில் இல்லாததை அல்லவா தேட வேண்டும்? 'எழால்' என்று ஒரு வேட்டைப் பறவையின் பெயர் இருக்கிறதே. குறுந்தொகையில் வங்காப் பறவையின் பேடைமேல் பாய்வது இந்த எழால்தான். எழு என்னும் அடியில் பிறந்தது, எழுவதால் எழால். சிறகை அசைக்காமல் எழும் கூட்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? யாழ் எழுப்பும் இசைக்கும் எழால் என்று பெயர் என்பதையும் கருதுக. இசையும் எழுகிறது, பறவையும் எழுகிறது. இது தற்செயல் அன்று.

இன்னொன்று. உங்கள் தாளில் 'வலசை' என்று எழுதியிருப்பீர்கள். பகைவர் படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுவதே வலசை என்கிறது பேரகராதி. பருந்து யாருக்கு அஞ்சியது?

கரிசலான் எழுதியது:

புலவர் ஐயா, எழால் ஒற்றைப் பறவையின் பெயர். கூட்டத்துக்கு வைத்தால் நாளைக்கு 'மூன்று எழால் கண்டேன்' என்று ஒரு பிள்ளை எழுதும். மூன்று பறவையா, மூன்று கூட்டமா என்று யார் சொல்வது?

வலசையை விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பறவை பார்க்கிற தமிழர் எல்லோரும் இன்று வலசை என்றுதான் சொல்கிறோம். இராமநாதபுரம் பக்கம் புதுவலசை என்று ஊரே இருக்கிறது. அங்கே யாரும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. பருந்து யாருக்கும் அஞ்சவில்லை என்பதும் சரியில்லை. 1934க்கு முன்னால் இதே ஹாக் மவுண்டனில் ஆட்கள் துப்பாக்கியோடு வரிசையாக உட்கார்ந்து, போகிற பருந்துகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ரோசலி எட்ஜ் என்ற அம்மையார் அந்த மலையைத் தம் பொறுப்பில் எடுத்து, மாரிஸ் பிரவுன் என்பவரைக் காவலுக்கு வைத்த பிறகுதான் சுடுவது நின்று எண்ணுவது தொடங்கியது.

என் பரிந்துரை: சுழி. இரண்டே எழுத்து. ஆற்றில் சுழி, தலையில் சுழி, வானத்தில் சுழி.

பனிமலர் எழுதியது:

ஐயா, நன்றி. ஆனால் சுழி என்றால் பூச்சியமும்தான். 'சுழி: 40' என்று எழுதினால் எங்கள் கணக்கு வாத்தியார் என்னைச் சும்மா விடமாட்டார்.

ஈப்போ எழுதியது:

மலேசியாவிலிருந்து வணக்கம். எங்கள் தஞ்சோங் துவானில் மார்ச் மாதம் தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும். கரையேறியதும் நீங்கள் சொல்கிற அதே காட்சி. 'பருந்து வட்டமிடுகிறது' என்று சொன்னால் புரியாத தமிழர் உண்டா? வட்டம் என்றே வைத்துவிடுங்கள். புதிதாக எதையும் சமைக்க வேண்டாம்.

கரிசலான் எழுதியது:

ஈப்போ அண்ணே, தமிழ்நாட்டில் வட்டம் என்றால் தாலுகா. 'பருந்து வட்டம், பெர்க்ஸ் மாவட்டம்' என்று வாசித்துவிட்டு யாராவது சாதிச் சான்றிதழுக்கு வந்து நிற்பார்கள்.

புலவர் எழுதியது:

வட்டம் வேண்டாம். ஆழி, திகிரி, நேமி, வலயம் என்று எத்தனை இருக்கின்றன! ஆனாலும் நான் சொல்ல வந்தது வேறு. நன்னூலார் சூத்திரங்களின் நிலையைச் சொல்லும்போது 'ஆற்றொழுக்கு அரிமா நோக்கம் தவளைப் பாய்த்துப் பருந்தின் வீழ்வு' என்றார். பருந்து விழுவதற்கு இலக்கணத்தில் இடம் உண்டு, எழுவதற்கு இல்லை. இந்தக் குறையை இப்போது நிரப்பலாம். 'பருந்தின் எழுவு' என்று வைத்தால் சூத்திரத்தோடும் ஒத்துப்போகும்.

வானிலையார் எழுதியது:

தாமதமாக வருகிறேன். பணிக்காலம் முழுவதும் காற்றோடு கழித்தவன் என்ற உரிமையில் இரண்டு செய்திகள்.

ஒன்று: சூறை, சுழல்காற்று என்று யாராவது தொடங்குவதற்கு முன்பே தடுக்கிறேன். இங்கே சுற்றுவது காற்று அன்று, பறவை. காற்றுத்தூண் நேராக மேலே போகிறது. அதைவிட்டு வெளியே போகாமல் இருக்கத்தான் பருந்து சுற்றுகிறது. குளிர்முனை (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) கடந்த மறுநாள் வடமேற்குக் காற்று முகட்டில் மோதி மேலேறும்போது இந்தச் சுற்றலே தேவையில்லை. முகட்டை ஒட்டி நேராக வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் தாளில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்.

இரண்டு, இதுதான் முக்கியம். சுற்றிக்கொண்டிருக்கும்போது யாரும் எண்ணுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று மறையும், உள்ளே போகும், வெளியே வரும், எண்ணினால் தப்பும். தூணின் உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து, சிறகை விரித்தபடி தெற்கு நோக்கி வரிசையாகச் சறுக்கும். அப்போதுதான் எண்ணுகருவியின் பொத்தானை அழுத்த வேண்டும். ஆகவே எண் எழுதுகிற கட்டத்துக்குத் தலைப்பு கெட்டில் அன்று, அதிலிருந்து ஒழுகும் வரிசை. இத்தனை மடல்களும் தேவையில்லாத கட்டத்துக்காக எழுதியிருக்கிறோம்.

புலவர் எழுதியது:

ஒழுகும் வரிசை! ஆற்றொழுக்கு! நான் மேற்கோள் காட்டிய சூத்திரத்தின் முதற்சொல்லே அதுதான். அம்மையீர், உடனே அச்சுக்கு அனுப்புக.

கரிசலான் எழுதியது:

இதற்கு நானும் கைதூக்குகிறேன். மெக்சிகோவில் வேராகுரூசில் இலையுதிர் காலத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பருந்துகளும் கழுகுகளும் கடக்கின்றன. அங்கேயும் அதை ஆறு என்றே சொல்கிறார்கள். 'ஒழுக்கு' என்று மட்டும் சுருக்க வேண்டாம். கூரை ஒழுகுகிறது என்று பிள்ளைகள் வாளி தேடும்.

பனிமலர் எழுதியது:

ஆற்றொழுக்கு கட்டத்தில் அடங்கிவிட்டது, மிக்க நன்றி. ஆனால் தாளின் மேற்பகுதியில் விளக்கம் எழுத வேண்டுமே, அதற்குக் கெட்டில் இன்னும் வேண்டும். சுழல்திரள் என்று வைக்கலாமா? மலைக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பென்சில்வேனியா ஜெர்மானியர் தங்கள் மொழியில் கெட்டில் என்று பொருள்படும் 'கெசெல்' என்ற சொல்லால் அழைத்ததால்தான் இந்தப் பெயர் வந்தது என்றும் ஒரு விளக்கம் இங்கே புழங்குகிறது.

ஈப்போ எழுதியது:

அப்படியென்றால் பள்ளம் என்று வைத்துவிடலாமே! (விளையாட்டுக்குத்தான். என் வாக்கு இன்னும் வட்டத்துக்கே.)

புலவர் எழுதியது:

சுழல்திரள் பிழை. வினைத்தொகை அல்வழியில் அடங்கும். 'குறில்செறியா லள' என்று தொடங்கும் சூத்திரத்தைப் பார்க்க. தனிக்குறிலைச் சாராத லகரத்தின் முன் வந்த தகரம் றகரமாகத் திரிந்தபின் லகரம் கெடும். தோன்றல் + தீயன் = தோன்றறீயன். ஆகவே சுழல் + திரள் = சுழறிரள்.

பனிமலர் எழுதியது:

ஐயா, சுழறிரள் என்பதை அமெரிக்காவில் பிறந்த பத்து வயதுப் பிள்ளை பாறைமேல் நின்று கத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் நாக்கு சுளுக்கிக்கொண்டது என்று நினைப்பார்கள்.

வானிலையார் எழுதியது:

அதே சூத்திரத்தின் கடைசியில் 'வலிவரின் இயல்பும் திரிபும் ஆவன உள' என்று நன்னூலார் வழிவிட்டிருக்கிறார். புலவர் முற்பகுதியோடு நின்றுவிட்டார். சுழல்திரள் இருக்கட்டும்.

கரிசலான் எழுதியது:

எனக்கும் அலுத்துவிட்டது, சுழல்திரளே இருக்கட்டும். பனிமலர் அக்கா, ஒரே ஒரு வேண்டுகோள். எதற்காக எண்ணுகிறோம் என்று தாளில் நாலு வரி சேருங்கள். வெண்தலைக் கழுகின் இளம்பறவைகள் அந்த முகட்டைக் கடப்பது குறைந்துகொண்டே வந்ததை இந்தக் கணக்குத்தான் காட்டியது. 1962இல் எழுத்தாளர் ரேச்சல் கார்சன் டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்கு எதிராக எழுதியபோது அதைச் சான்றாக எடுத்துக்கொண்டார். ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை ஆள் மாற்றி ஆள் அங்கே உட்கார்ந்திருப்பதும் வெறும் பொழுதுபோக்குக்கு அன்று. பிள்ளைகளுக்கு இது தெரிந்தால், சொல் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

பனிமலர் எழுதியது:

சேர்த்துவிட்டேன். சுழல்திரள், ஆற்றொழுக்கு இரண்டும் அச்சுக்குப் போய்விட்டன. வலசையும் அப்படியே போய்விட்டது, புலவர் ஐயா பொறுத்தருள்க. கடைசியாக ஒன்று: வானிலையார் எண்ணுகருவி என்றாரே, பேருந்து நடத்துநர் தட்டுவதுபோல் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருக்கிற அந்தச் சின்னக் கருவிக்கு வேறு பெயர் ஏதாவது உண்டா?

ஈப்போ எழுதியது:

தட்டெண்ணி.

புலவர் எழுதியது:

தட்டு + எண்ணி என்பதில் தட்டு முதனிலையா, பெயரா என்று முதலில் தெளிய வேண்டும். சுழல்திரள் குறித்த என் மறுப்பையும் பதிவு செய்கிறேன். எழால் பற்றித் தனிமடலில் விரிவாக எழுதுவேன்.

கரிசலான் எழுதியது:

தட்டெண்ணிக்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா. இந்தத் தலைப்பில் இனிமேல் யாரும் தேட மாட்டார்கள்.