அஞ்சு பேருன்னா அஞ்சால வகுக்கணுமா, நாலால வகுக்கணுமா?

நெடுங்கணக்கு:
ஆய்வுக் கட்டுரையை எப்படி வாசிக்கணும்னு இங்க ஒருத்தர் போட்ட குறிப்பைப் பார்த்துட்டு எரிச்சலோடதான் எழுதறேன். அஞ்சு பேரோட ஹீமோகுளோபின்: 10, 11, 12, 13, 14. சராசரி 12. விலக்கங்களோட வர்க்கம் 4, 1, 0, 1, 4. கூட்டினா 10. அதை 5-ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்து, "திட்ட விலக்கம் (எண்கள் சராசரியில இருந்து எவ்வளவு சிதறியிருக்குங்கற அளவு) 1.41"னு முடிச்சிட்டார். தப்பு. 4-ஆல வகுக்கணும். 2.5 வரும், மூலம் 1.58. அஞ்சு பேரை வெச்சு ஊருக்கே கணக்குச் சொல்லப் போறீங்கன்னா 4 தான்.

மேட்டுத்தெரு:
அந்தக் குறிப்பை எழுதியது நான்தான் சார். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை எண் இருக்கிறதோ அத்தனையால்தான் வகுக்கச் சொல்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் தப்பாகப் படிக்கிறார்கள், நீங்கள் ஒருவர்தான் சரி. அப்படித்தானே?

நெடுங்கணக்கு:
புத்தகத்துல குடுத்த எண்கள்தான் முழு உலகமும். அதுக்கு மேல யாரையும் பத்திப் பேசல. ஆய்வு அப்படி இல்ல. உங்க 12-ங்கிற சராசரியே அந்த அஞ்சு எண்ல இருந்து எடுத்தது. எண்கள் தங்களோட சொந்தச் சராசரியைத்தான் ஒட்டி நிக்கும்; ஊரோட உண்மைச் சராசரி கொஞ்சம் தள்ளி இருக்கும். அதனால பரவல் சராசரியாப் பார்த்தா குறைச்சலாத்தான் தெரியும்.

நம்பலைன்னா கையாலயே போட்டுப் பாருங்க. மொத்த ஊரும் மூணே எண்: 2, 4, 6. விலக்க வர்க்கச் சராசரி 8/3, அதாவது 2.67. இதுல ரெண்டு ரெண்டா எடுங்க, எடுத்ததைத் திரும்பப் போட்டு. ஒன்பது ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடியோட விலக்க வர்க்கக் கூட்டல்: 0, 2, 8, 2, 0, 2, 8, 2, 0. மொத்தம் 24. ஒவ்வொண்ணையும் 2-ஆல வகுத்து ஒன்பதுக்கும் சராசரி எடுத்தா 1.33, சரிபாதி. 1-ஆல வகுத்தா 2.67. அச்சு அசலா ஊரோட எண். இதுக்கு மேல என்ன வேணும்?

உயிர்ப்புள்ளி:
அந்த ஒன்பது ஜோடிக்கும் வர்க்கமூலம் எடுத்த பிறகு சராசரி பாருங்கள் நெடுங்கணக்கு. ஒன்று குறைத்து வகுத்தாலும் 1.26தான் வரும். ஊரின் திட்ட விலக்கமோ 1.63. உங்கள் 4 சரிசெய்வது வர்க்கத்தை. நீங்கள் கட்டுரையில் போடுவது மூலத்தை. அது அப்போதும் குறைவாகவே நிற்கும். இன்னொன்று: தரவு இயல்நிலைப் பரவலில் (மணி வடிவப் பரவலில்) இருந்தால், விலக்க வர்க்கச் சராசரியைக் கணிப்பதில் வரும் சராசரி வர்க்கப் பிழை, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கச் சராசரி, எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுக்கும்போதுதான் மிகக் குறைவு. ஐந்து பேருக்கு 6. அதைப் பற்றி மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை?

நெடுங்கணக்கு:
6-ஆ? எந்த மருத்துவ ஆய்விதழ்ல 6-ஆல வகுத்துப் போட்டிருக்காங்க, காட்டுங்க. அந்த ஜோடிகளை ஒண்ணு குறைக்காம 2-ஆல வகுத்தா 0.89தான் வரும், அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. 1.26 எங்க, 0.89 எங்க? 4 தான்.

யாழ்வட்டாரி:
குறுக்கிடுறதுக்கு மன்னிக்கோணும். அதென்ன திட்ட விலக்கம்? நாங்கள் நியம விலகல் எண்டுதான் படிச்சனாங்கள். திட்டம் எண்டால் பஞ்சவருடத் திட்டமெல்லோ?

மேட்டுத்தெரு:
"திட்டமாகச் சொல்" என்று நீங்கள் சொல்வதே இல்லையா? வரையறுத்த அளவு என்ற பொருளில் வருவது அது. நியமம் மட்டும் தமிழோ?

யாழ்வட்டாரி:
பொருள் விளங்காத சொல்லை வைச்சுக்கொண்டு மற்றவையின்ர சொல்லில பிழை பிடிக்காதேங்கோ அண்ணை.

நெடுங்கணக்கு:
எந்தப் பேர் வேணா வையுங்க, 4-ஆல வகுங்க. கருவியிலயே ஏமாந்து போறவங்க நிறையப் பேர். எக்செல்ல ரெண்டு சார்பு இருக்கு: எஸ்டிடெவ் புள்ளி எஸ்னு போட்டா 4, புள்ளி பின்னு போட்டா 5. ஆர் மொழியோட எஸ்டி எப்பவும் 4. பைத்தான்லதான் வம்பு. நம்பை (NumPy) நூலகத்தைச் சும்மா விட்டா 5-ஆல வகுக்கும், பாண்டாஸ் (pandas) நூலகம் 4-ஆல வகுக்கும். ஒரே கோப்பு, ஒரே நிரல், 1.41-ம் வரும், 1.58-ம் வரும். நம்பைல டிடிஓஎஃப் (ddof, எத்தனை குறைச்சு வகுக்கணும்ங்கறது) சமம் 1-னு நீங்களே குடுக்கணும். கேசியோ கணிப்பான்ல சிக்மா எக்ஸ் 5, எஸ் எக்ஸ் 4.

மேட்டுத்தெரு:
ஆக நம்பையை எழுதியவர்களுக்கும் கணக்குத் தெரியாது! ஸ்டூடண்ட் என்ற பெயரில் எழுதிய காசெட், கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்தவர், 1908 கட்டுரையில் எண்ணிக்கையால்தான் வகுத்தார். சிறிய மாதிரிகளின் சராசரியைச் சோதிக்கும் டி பரிசோதனையின் மூலவரே அவர்தான். போய் அவரைத் திருத்துங்கள்.

நெடுங்கணக்கு:
அவரைப் புள்ளியியலாளர் ஃபிஷர் ஏற்கெனவே திருத்திட்டார். கட்டின்மைப் படிகள்னு (இங்க எண்ணிக்கையில ஒண்ணு குறைச்சது) ஒண்ணைக் கொண்டுவந்து, காசெட்டோட அட்டவணையையே இன்னிக்கு நாம பார்க்கிற டி ஆக்கினது அவர். அந்த அட்டவணைல அஞ்சு பேருக்கு எந்த வரிசையைப் பார்ப்பீங்க? 4-ஆவது வரிசை. அங்க இருக்கறது 2.776. திட்டப் பிழை, அதாவது நம்ம சராசரி எவ்வளவு தள்ளிப் போகலாம்ங்கற அளவு: 1.58-ஐ 5-ஓட வர்க்கமூலத்தால வகுத்தா 0.71. அதை 2.776-ஆல பெருக்கினா 1.96. ஆக 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி (ஊரோட உண்மைச் சராசரிக்கு நாம சொல்ற எல்லை) 10.04 முதல் 13.96 வரை. உங்க 1.41-ஐ வெச்சுத் திட்டப் பிழை எடுத்து, அட்டவணையும் பார்க்காம, பெரிய மாதிரிக்கான 1.96-ஆல (மேல வந்த 1.96 வேற) பெருக்கினா 10.76 முதல் 13.24 வரை. அஞ்சே பேரை வெச்சுக்கிட்டு இவ்வளவு குறுகலா ஊரைப் பத்திச் சொல்லத் துணியறீங்க.

உயிர்ப்புள்ளி:
அங்கே 5-ன் மூலத்தால் வகுத்தீர்களே, அதை மட்டும் ஏன் 4 ஆக்கவில்லை? பதில் உங்களுக்குத் தெரியும், வாசிக்கிறவருக்குச் சொல்லவில்லை. உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது. கட்டுரைகளில் "12 ± 0.7" என்று போட்டுவிட்டு, அது திட்ட விலக்கமா திட்டப் பிழையா என்று சொல்லாமலே விடுகிறார்கள். 1.6-ஐயும் 0.7-ஐயும் குழப்பினால் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. உங்கள் 4, 5 சண்டையில் அது 12 விழுக்காடுதான்.

நெடுங்கணக்கு:
12 விழுக்காடு "தான்"-ஆ? மூணு பேர்னா 22 ஆகும். எலி மூணை வெச்சு ஆய்வு பண்றவங்களும் இருக்காங்க. வகுக்கறதே தப்புன்னா திட்டப் பிழையும் சேர்ந்துதான் தப்பாகும்.

கரிசல்:
ஐயா, என் தரவுல 30 நோயாளிங்க, வெறும் வயித்துச் சர்க்கரை அளவு. நான் எதால வகுக்கட்டும்?

மேட்டுத்தெரு:
எதால் வகுத்தாலும் வித்தியாசம் 1.7 விழுக்காடுதான் தம்பி. இந்தச் சண்டையைப் பார்த்துப் பயப்படாமல் முதலில் படம் வரைந்து பாருங்கள். ஒன்றிரண்டு பேருக்கு 300, 400 என்று இருந்தால் சராசரியே உதவாது.

நெடுங்கணக்கு:
29.

உயிர்ப்புள்ளி:
அந்த முப்பது பேரைப் பற்றி மட்டும் எழுதுகிறாரா, முப்பது பேரை வைத்து மற்றவர்களைப் பற்றி எழுதுகிறாரா என்று யாராவது கேட்டீர்களா?

நெடுங்கணக்கு:
ஆய்வுன்னு சொன்னாலே மத்தவங்களைப் பத்தித்தான். 29. எக்செல்ல புள்ளி எஸ்.

யாழ்வட்டாரி:
நியம விலகல்.